சஹாபுதீன் பாயும் மூணாவது காலும்

கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டைத் தாண்டி பஜார் பக்கம் திரும்பினால், செருப்புக் கடைக்கும் கோழிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நின்ற கடை சஹாபுதீன் பாயுடையது. 'மருத்துவக் கருவிகள் பழுது பார்க்கப்படும். வாடகைக்கும் கிடைக்கும்' என்று போர்டில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே அவரே பிரஷ் பிடித்து எழுதிய இன்னொரு வரியும் உண்டு: 'மூணு கால் பிளக் இல்லாத மிஷினைக் கொண்டு வராதே.' 'வராதீர்கள்' என்று எழுத இடம் இருந்தது. மனசுதான் இல்லை.

அவரைப் பொறுத்தவரை மனிதர்களில் இரண்டே வகை. மிஷினோடு வரும் சின்னப் புத்தகத்தைப் படிப்பவர்கள் ஒரு வகை, கழுதைகள் இன்னொரு வகை. முதல் வகையில் அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

பழவேற்காட்டில் அவருடைய அத்தா அசன் முகைதீனுக்கு ஜவுளிக் கடை. அண்ணன் தம்பி மூன்று பேரும் வாயில் சர்க்கரை வைத்துக்கொண்டு வியாபாரம் பார்க்கிறவர்கள். சஹாபுதீனை இருபது வயதில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வந்த முதல் அம்மாளிடமே, "இந்தக் கலர் ரெண்டு தோய்ப்புல போயிடும், உனுக்கு எதுக்கு இது?" என்று கேட்டுவிட்டார். அத்தா அன்றைக்கு மத்தியானமே அவரை எழுப்பி அனுப்பிவிட்டார். ஐ.டி.ஐ. படித்து, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மிஷின் அறையில் பதினாலு வருஷம் வேலை பார்த்தார். அங்கேயும் ஒரு பெரிய டாக்டர் இ.சி.ஜி. மிஷின்மேல் டீ டம்ளரை வைக்கப் போக, "இது இன்னா, உங்க ஊட்டு டைனிங் டேபிளா?" என்று கேட்டு வைத்தார். அதற்கப்புறம்தான் கும்மிடிப்பூண்டியில் சொந்தக் கடை.

இதில் எரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். வந்து சேர்ந்த ஜனங்களும் அப்படி. நெபுலைசரில் மருந்துக்குப் பதில் கற்பூரவல்லிச் சாற்றை ஊற்றிவிட்டு, குழாய் அடைத்துக்கொண்டதும் மிஷின் மோசம் என்று தூக்கி வந்தாள் ஒருத்தி. சர்க்கரை பார்க்கும் பட்டையைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி, ஒன்றை இரண்டாக்கிச் சிக்கனம் பிடித்தார் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பி.பி. பட்டையைச் சுற்றி, தனக்குப் பிடித்த நம்பர் வரும்வரை எட்டுத் தடவை அமுக்கினான் ஒரு ரேஷன் கடைக்காரன். சஹாபுதீன் ஒருத்தரையும் சும்மா அனுப்பியதில்லை. வாத்தியாரிடம், "பரீட்ச பேப்பரையும் ரெண்டா கிழிச்சுதான் மார்க் போடுவீங்களா சார்?" என்று கேட்டார்.

திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி வந்தார் அருணாச்சலம் என்று ஒரு பெரியவர். தோள்பட்டை வலி, வீட்டிலேயே கரண்ட் வைத்துக்கொள்ள மிஷின் வேண்டும் என்றார். பேச்சுவாக்கில், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து ஒரு வருஷம் ஆகிறது என்றும் சொன்னார். சஹாபுதீன் எடுத்த மிஷினை மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"உள்ள ஒரு மிஷின வெச்சுக்கினு வெளிய ஒண்ணு கேக்கறீங்களே! ரெண்டும் சண்ட போட்டா நடுவுல சாவறது யாரு? போங்க. போயி, இருதயம் பாத்த டாக்டருகிட்ட கேட்டுட்டு வாங்க."

பெரியவருக்கு முகம் சிவந்துபோனது. ஆனால் அன்றைக்கு அந்த மரியாதை கெட்ட வாய் அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். அதுவும் உண்மைதான்.

அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் கரி வாருகிற கலியன் வேறு ரகம். "நாங்க பண்ற கரண்டுலதான் உன் மிஷினே ஓடுது, எனுக்கே சொல்லித் தர்றியா?" என்று சொல்லி, சூடு கொடுக்கும் மெத்தையை வாங்கிக்கொண்டு போனான். சர்க்கரையில் மரத்துப்போன காலில் அதைக் கட்டிக்கொண்டு மத்தியானம் தூங்கியும்விட்டான். குதிகால் முழுக்கக் கொப்புளம். மறுநாள் சண்டைக்கு வந்தான்.

"காலுல உணர்ச்சியே இல்லேன்னா சூடு எப்டிடா தெரியும்? மரத்த எடத்துல வெக்காத, கட்டிக்கினு தூங்காதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே? நீ கரண்டு பண்ற ஆளா? கரண்டு உன்ன வறுக்கற ஆளு!"

பக்கத்துக் கோழிக் கடை முனுசாமி சிரித்தார். சஹாபுதீன் கடையில் யாராவது மாட்டிக்கொண்டால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பது முனுசாமிக்குப் பொழுதுபோக்கு. ஆள் எட்டிப் பார்த்தால் சஹாபுதீனுக்கும் வாய் இன்னும் கொஞ்சம் நீளும். "உங்க வாய்க்கு ஒரு ஃப்யூஸ் போடணுங்க. கண்டபடி ஓடுது" என்பாள் அவர் மனைவி ஷமீமா. அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இவ்வளவு பேசியவர் பத்து வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. "மிஷின் என்கிட்ட வரணும். நான் மிஷின்கிட்ட போவமாட்டேன்" என்பதை ஒரு பெரிய கொள்கை மாதிரி சொல்லிக்கொள்வார். மிஷின் எந்தச் சுவரில் சொருகப்படுகிறது, அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் அவர் பார்த்ததில்லை. அவர் தினமும் திட்டிய கழுதைகளுக்கு அந்தச் சுவராவது தெரிந்திருந்தது.

குப்பம்மாள் அவர் கடைக்கு வந்தது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், பங்குனி மாதத்தில். அவள் புருஷன் அப்பாவு சிப்காட்டில் ஒரு கம்பி உருட்டும் மில்லில் கான்ட்ராக்ட் ஆள். தை மாதம் ஒரு இரும்புக் கம்பி நழுவி வந்து வலது மேல்கையில் அடித்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. மணிக்கட்டு ஈரத்துணி மாதிரி தொங்கியது. டாக்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார்: நரம்பு தானாக வளர்ந்து வர வேண்டும், அதுவரைக்கும் சதை செத்துப்போகாமல் இருக்க தினமும் கரண்ட் வைக்க வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது. மில் கான்ட்ராக்டர் பச்சையப்பனும் தெளிவாகவே சொல்லியிருந்தான்: "ஆடி முடியற வரைக்கும் எடத்த வெக்கறேன். கையத் தூக்கிக்கினு வந்தா வேல. இல்லேன்னா வேற ஆளு."

தினமும் பொன்னேரி கிளினிக்குக்குப் போய் வர முடியாது. பிசியோதெரபிஸ்ட் அப்பாவுவின் கையில் கரண்ட் வைக்க வேண்டிய இடங்களைப் பேனாவால் புள்ளி வைத்து, குப்பம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்து, மிஷினை வாடகைக்கு எடுக்கச் சொல்லி சஹாபுதீனிடம் அனுப்பினார். கனமான இரும்புப் பெட்டி மிஷின். மேலே தூக்க ஒரு இரும்புக் கைப்பிடி, முன்னால் திருகு, ஒரு ஈரப் பட்டை, பேனா மாதிரி ஒரு கம்பி.

சஹாபுதீன் அரைமணி நேரம் பாடம் எடுத்தார். திருகைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வராமல் கம்பியை வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. புண்ணில், கழுத்தில், நெஞ்சில் வைக்கவே கூடாது. ஜாஸ்தி வைத்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைப்பது முட்டாள்தனம். பட்டை ஈரமாக இருக்க வேண்டும், திருகைத் தொடுகிற கை காய்ந்திருக்க வேண்டும். யாராவது கரண்டில் மாட்டிக்கொண்டால் ஆளைத் தொடாமல் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கடைசியில் பிளக்கைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த ரெண்டு காலு கரண்டுக்கு. இந்த மூணாவது காலு, குண்டா பெருசா கீதே, இது உன் உசுருக்கு. இத எடுத்தா நீ செத்த. இன்னா சொன்னேன், சொல்லு?"

அவள் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள். எட்டாவது வரைக்கும் படித்தவள்தான். ஆனாலும் ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. திட்ட எதுவும் கிடைக்காததில் சஹாபுதீனுக்கு ஒரு ஏமாற்றமே வந்தது.

பங்குனி முழுக்க ஒழுங்காகப் போனது. பைப் கம்பெனியில் பெருக்குகிற வேலை முடிந்து குப்பம்மாள் ஐந்தரைக்கு வருவாள், ஆறு மணிக்கு மேல் கரண்ட் வைப்பாள். கம்பி பட்ட இடத்தில் அப்பாவுவின் சதை துடிக்கும். அந்தத் துடிப்பைப் பார்ப்பதற்காகவே அவள் வேலையிலிருந்து ஓடி வந்தாள் என்று சொல்லலாம்.

சித்திரை பாதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மிஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"பாய், மிஷினத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது."

"இழுக்கறதுக்குத்தான மிஷினே? வேற எதுக்கு எடுத்துக்கினு போன?"

"பட்டைல இல்ல பாய். பொட்டியத் தொட்டா இழுக்குது."

சஹாபுதீன் மிஷினைச் சொருகி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டீயைக் குடித்து முடித்தார். "எனுக்கு ஏன் இழுக்கல?"

"பகல்ல இழுக்காது பாய். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான்."

முனுசாமி கத்தியைக் கீழே வைத்தார். செருப்புக் கடைக்கு வந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, கரண்டுக்கு ராகுகாலம் எமகண்டம்லாம் பாக்கத் தெரியுமா? ஆறு மணி ஆச்சு, குப்பம்மாவ புடிச்சு இழுப்போம்னு வருதா?"

"போன வெள்ளிக்கெழம மழ பேஞ்சுதே, அன்னிக்கு மட்டும் இழுக்கல."

"நனஞ்சுடுவோம்னு பயந்துக்கினு உள்ளயே இருந்துட்டா போல!"

சிரிப்பு பலமாகக் கிளம்பியது. குப்பம்மாள் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை நின்று, கடைசியாக ஒன்று சொன்னாள்.

"சுவிட்ச அணைச்சாலும் இழுக்குது பாய்."

இந்த இடத்தில் சஹாபுதீன் வாயை மூடியிருக்க வேண்டும். இருபத்து நாலு வருஷம் மிஷின்களோடு வாழ்ந்தவருக்கு இந்த ஒரு வார்த்தையே போதும். வேறு யாராவது ஒரு மெக்கானிக் இப்படிச் சொல்லியிருந்தால் அப்போதே எழுந்து போய்ப் பார்த்திருப்பார். ஆனால் சொன்னவள் கம்பெனி பெருக்குகிறவள். எதிரே நாலு பேர் அடுத்த சிரிப்புக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"அணைச்ச சுவிட்சுல கரண்டு எங்கேர்ந்தும்மா வரும்? உன் ஊட்டுக்காரரு வாயால ஊதறாரா? போ, போ. பேஜாரு பண்ணாத."

அவள் போனாள். வாடகை மிஷின்களை மாதக் கடைசியில் கொண்டு வந்து காட்ட வேண்டும் என்பது கடைச் சட்டம். குப்பம்மாளும் கொண்டு வந்தாள். சஹாபுதீன் பிளக்கைப் பார்த்தார். மூணாவது காலைக் காணோம். பித்தளை பளபளவென்று வெட்டுப்பட்டிருந்தது, வெட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. மில்லிலிருந்து கொண்டு வந்திருந்த ஒரு உடைந்த ரம்பத் துண்டை இடது கையில் பிடித்து, பிளக்கைக் காலடியில் அமுக்கிக்கொண்டு, அப்பாவு இரண்டு நாள் உட்கார்ந்து அறுத்தது அது.

"யாரு வெட்டுனது?"

"அது இல்லேன்னா இழுக்கல பாய்."

அன்றைக்கு அவர் போட்ட சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. படிக்காத ஜென்மம் என்றார். உசுரைக் காப்பாற்றுகிற காலை வெட்டிவிட்டு உசுரோடு இருக்கிறோம் என்று பெருமை வேறு பேசுகிறாள் என்றார். உன் புருஷன் கை தொங்குவது நரம்புக் கோளாறு, உங்கள் இரண்டு பேருக்கும் மூளைக் கோளாறுக்கு எங்கே கரண்ட் வைப்பது என்று கேட்டார். முனுசாமிகூட அன்றைக்குச் சிரிக்கவில்லை. கடைசியில் பழைய ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு, பிரிக்க முடியாதபடி வார்த்த பிளக் வைத்த புது ஒயரைப் போட்டுக் கொடுத்தார்.

"இதுல கைய வெச்ச, மிஷினப் புடுங்கிக்குவேன். அப்புறம் என் கடப் பக்கமே வரக்கூடாது."

மறுநாள் சாயங்காலம் குப்பம்மாள் புது பிளக்கைச் சொருகினாள். வெட்ட முடியாது, வெட்டினால் மிஷின் போய்விடும். பெட்டியில் கை படாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்பாவுவின் கையில் நாலாவது புள்ளியில் கம்பியை வைத்துவிட்டுத் திருகைத் திருப்பியபோது மணிக்கட்டு பெட்டியில் பட்டது. அவளைத் தூக்கிச் சுவரில் அடித்தது. தலையில் ரத்தம். அப்பாவு ஒற்றைக் கையால் அவளை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதான். பிறகு மிஷினைத் தூக்கி ஒரு பழைய புடவையில் சுற்றி, பரண்மேல் போட்டான்.

"என் கை போனா போவட்டும். உன்னையும் வாரிக் குடுத்துட்டு நான் இந்தக் கைய வெச்சுக்கினு இன்னா பண்றது?"

மறுநாளே அவள் கடைக்குப் போயிருக்கலாம்தான். போகவில்லை. போனால் பஜாரே பார்க்க மறுபடி அந்த வாயைக் கேட்க வேண்டும். இதோ நாளைக்கு, அதோ நாளைக்கு என்று வைகாசி முழுக்க ஓடியது, ஆனியும் பாதி ஓடியது. அப்பாவுவின் முன்கை கண்ணுக்கு முன்னாலேயே இளைத்துக்கொண்டு வந்தது. சஹாபுதீனோ, மாதக் கடைசியில் மிஷின் வராததைப் பார்த்து, மிஷினை விற்றுத் தின்றுவிட்டாள் என்று முடிவு கட்டி, ஷமீமாவிடமும் சொல்லி வைத்தார். அவருக்கு மனிதர்களைப் பற்றி எப்போதும் சந்தேகம் கிடையாது. எல்லாம் தீர்மானம்தான்.

ஆனி பாதியில் குப்பம்மாள் வந்தாள். நெற்றியில் ஒரு தழும்பு இருந்தது. மிஷினைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள்.

"எங்களுக்கு வேணாம் பாய். எடுத்துக்கோங்க."

சஹாபுதீனின் மிஷின் ஒன்று வேண்டாம் என்று திரும்பி வருவது இதுதான் முதல் தடவை. என் மிஷினில் ரிப்பேர் வந்ததாகச் சரித்திரமே இல்லை என்பது அவர் நாலு பேரிடம் தினமும் சொல்லுகிற வசனம். இவள் இப்படித் திருப்பிக் கொடுத்தால் பஜார் என்ன பேசும்? தழும்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. அப்பாவுவின் கை எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை. அவருக்கு ரோஷம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"நடம்மா உன் ஊட்டுக்கு. உன் கண்ணெதிர்லயே போட்டுக் காட்டறேன்."

கொள்கையை உடைத்துக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிட்டார். சிப்காட்டுக்குப் பின்னால் வரிசையாக ஏழு குடித்தனம். முன் போர்ஷனில் வீட்டுச் சொந்தக்காரர் வீரராகவன். அப்பாவுவின் வீடு கடைசியில். சஹாபுதீன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். சிமெண்டுத் தரை, அப்போதுதான் துடைத்திருந்த ஈரம் காயவில்லை. அப்பாவு எழுந்து நின்றான். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான்.

சஹாபுதீன் மிஷினை ஸ்டூல்மேல் வைத்து, பிளக்கைச் சொருகி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"பாத்துக்கோ. புடிச்சுக்கினுகீறேன். இழுக்குதா?"

"கைய எடுத்துடுங்க பாய்" என்றான் அப்பாவு. "மணி ஆவப் போவுது."

"இன்னா மணி ஆவப் போவுது? நீயும் ராகுகாலமா?"

குப்பம்மாள் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். ஒரு காய்ந்த கோணியை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பிளக் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய மனுஷன் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறாளே என்று சஹாபுதீனுக்கு அதிலும் ஒரு கோபம். எர்த் என்றால் என்ன என்று ஆரம்பித்தார். மூணாவது கால் எதற்கு, தப்பான கரண்ட்டை அது எப்படி மண்ணுக்குள் கொண்டுபோய் விடுகிறது, அதை வெட்டுகிறவனை எந்தக் கழுதையோடு சேர்ப்பது என்று விஸ்தாரமாகச் சொன்னார். பத்து நிமிஷம் சொன்னார். கை கைப்பிடியிலேயே இருந்தது.

முன் வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கியது.

சஹாபுதீனின் வாய் பாதி வார்த்தையில் நின்றது. விரல்கள் கைப்பிடியை இறுக்கின, விட முடியவில்லை. தோள் வரைக்கும் யாரோ உள்ளே இருந்து முறுக்குகிற மாதிரி இருந்தது. கத்த நினைத்தார், நாக்கு அசையவில்லை. அப்பாவு இடது கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தான். "தொடாத!" என்று குப்பம்மாள் கத்தினாள். அதே மூச்சில் கோணியோடு பிளக்கைப் பிடித்துப் பிடுங்கினாள்.

சஹாபுதீன் ஸ்டூலோடு சேர்ந்து ஈரத்தரையில் விழுந்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். உயிர் இருக்கிறதா என்பதைவிட, இந்த இரண்டு பேரும் சிரிப்பார்களா என்பதுதான் அவருக்கு முதலில் வந்த பயம். யாரும் சிரிக்கவில்லை. அப்பாவு தண்ணீர் கொண்டு வந்தான்.

"மாட்டிக்கினவங்களத் தொடாம மொதல்ல பிளக்கப் புடுங்கணும்னு நீங்கதான பாய் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் குப்பம்மாள். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே சொன்னாள்.

ஆறு மணி. மழை. அணைத்த சுவிட்ச். படுத்த வாக்கிலேயே மூன்றும் அவருக்கு ஒன்றாகச் சேர்ந்தன. எழுந்து வெளியே போய், கொல்லையில் ஏழு வீட்டுக்கும் பொதுவான எர்த் பைப் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தைப் பார்த்தார். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பைப்பிலிருந்து ஒரு தடித்த ஒயர் வீரராகவன் வீட்டுக்குள் ஓடியது. புரிந்துகொள்ள அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மீட்டர் ஓடாமல் இருக்க, மோட்டாரின் கரண்ட்டைத் திரும்புகிற வழியில் விடாமல் எர்த் பைப்பில் விட்டிருக்கிறான். மின்சார ஆபீஸ் மூடிய பிறகு, ஆறு மணிக்கு மேல், யாரும் பார்க்க வராத நேரத்தில். மண் ஈரமாக இருந்தால் கரண்ட் இறங்கிவிடும், பங்குனியில் அப்படித்தான் இறங்கியது. மண் காய்ந்தால் இறங்க வழியில்லாமல் திரும்பி, ஏழு வீட்டு மூணாவது கால் ஓட்டையிலும் ஏறி நிற்கும். அதனால்தான் சுவிட்சை அணைத்தாலும் இழுத்தது. உசுரைக் காப்பாற்றும் என்று அவர் சத்தியம் செய்த கால் வழியாகத்தான் அது வந்தது.

வீரராகவன் துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

"அதுக்குத்தான் குடித்தனக்காரங்க அத்தினி பேரையும் ரெண்டு கால் பிளக்கு போட்டுக்கச் சொல்லிக்கினுகீறேன். மத்த ஆறு ஊட்லயும் மூணாவது காலே கெடையாது. இவங்கதான் யாரோ படிச்சவன் பேச்சக் கேட்டுக்கினு போட்டாங்க."

மின்சார வாரியத்தில் எழுதிப் போடுகிறேன் என்று சஹாபுதீன் எகிறினார். குப்பம்மாள் அவரை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எழுதாதீங்க பாய். ஊட்ட காலி பண்ணச் சொல்லிடுவாரு. இந்தக் கையோட இவர இட்டுக்கினு எங்க போறது?"

ஊர்க் கரண்ட்டைத் திருடுகிறவன் துண்டை உதறிக்கொண்டு நிற்கிறான், உண்மை தெரிந்தவள் வாயை மூடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். சஹாபுதீனுக்கு அந்த இடத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. யார்மேல் துப்புவது என்பதுதான் தெரியவில்லை.

அன்றைக்கே கடைக்குப் போய், பேட்டரியில் ஓடுகிற சின்ன மிஷின் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். சுவரில் சொருக வேண்டிய வேலையே இல்லை. அது அவர் கடையில் இரண்டு வருஷமாக இருந்தது. டாக்டர்களுக்கு மட்டும்தான் என்று கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருந்தார், இவர்கள் கையில் கொடுத்தால் உடைத்துவிடுவார்கள் என்று. குப்பம்மாள் மறுநாளிலிருந்து ஒரு நாள் விடாமல் வைத்தாள். முதல் நாலு நாள் சதை துடிக்கவே இல்லை. ஐந்தாம் நாள் லேசாகத் துடித்தது.

ஆடி கடைசி வாரம் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அப்பாவு வலது கையைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து, மெல்லத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டு எழுந்தது. பாதி வரைக்கும் எழுந்து, நடுங்கி, நின்றது. கட்டை விரலும் அடுத்த விரலும் எழவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் தூக்கு" என்றார் சஹாபுதீன்.

"அவ்ளோதான் பாய்." அப்பாவு சிரித்தான். "கம்பி புடிக்க முடியாதுன்னுட்டாரு பச்சையப்பன். கேட்டத் தொறந்து மூடற வேல குடுத்துகீறாரு. சம்பளம் கம்மி. பரவால்ல."

"டாக்டருகிட்ட காமிச்சியா?"

"காமிச்சோம். திட்டிட்டாரு. நடுவுல ஒன்றர மாசம் ஏன் வுட்டீங்க, அப்பத்தான் சதை போச்சு, வுடாம வெச்சிருந்தா இன்னும் வந்திருக்கும்னாரு."

சஹாபுதீன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்பம்மாளுக்கு என்ன தோன்றியதோ, முந்திக்கொண்டு பேசினாள்.

"நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க பாய். உங்களப் பத்தி டாக்டருகிட்ட நான் சொல்லல. மிஷின் ரிப்பேருன்னு சொல்லிட்டேன்."

பக்கத்துக் கடையில் கத்திச் சத்தம் நின்றது. முனுசாமி தலையை நீட்டினார்.

"இன்னா பாய் இது, உன் மிஷின்ல ரிப்பேரா?"

செருப்புக் கடைக்காரரும் திரும்பினார். பதிலுக்காக இரண்டு பேரும் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"ஆமா முனுசாமி" என்றார் சஹாபுதீன். "ரிப்பேருதான்."